ஆம்புலன்ஸ் வேலை: சம்பளச் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்

(தொழிலாளர் குடும்பங்களுக்கான சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எஸ்.பி.எம். முடித்த நம் பிள்ளைகள் பலர் இன்று "மெடிக்கல் லைன்" என்று சொல்லி மருத்துவ உதவியாளர், பாராமெடிக் படிப்புக்குப் போகிறார்கள். வரவேற்க வேண்டிய விஷயம். உயிரைக் காப்பாற்றுகிற வேலை, கௌரவமான வேலை. ஆனால் ஒரே சீருடை போட்டு ஒரே மாதிரி நோயாளியைத் தூக்குகிற இரண்டு பேரில் ஒருவருக்குப் பதவி உயர்வு, விடுமுறை, சேமநிதி எல்லாம் இருக்கிறது. இன்னொருவருக்கு நாள் கூலி மட்டுமே இருக்கிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? உங்கள் பிள்ளை எந்த முதலாளியிடம், எந்த ஒப்பந்தத்தில், எந்தச் சான்றிதழோடு சேர்கிறான் என்பதிலிருந்து வருகிறது. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இந்தத் தொழில் நமக்குப் புதியதல்ல. தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, வெட்டுக் காயத்துக்குக் கட்டுப் போட்ட "டிரஸரை" பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. பிறகு 1977இல் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்துக்கு விரட்டப்பட்ட பிறகு அந்தத் தோட்டத்து வேலை நம் கையை விட்டுப் போய்விட்டது. அதே தொழிலின் அரசாங்கக் கதவும் தனியார் கதவும் இன்றும் திறந்துதான் இருக்கின்றன. எந்தக் கதவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நுழைய வேண்டும்.

முதலில் சான்றிதழ்

சுகாதார அமைச்சின் ஆம்புலன்ஸில், அவசரப் பிரிவில், கிராமக் கிளினிக்கில் நீங்கள் பார்க்கிறவர் "பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான்". நாம் பழக்கத்தில் எம்.ஏ. என்கிறோம். மூன்று ஆண்டு டிப்ளோமா முடித்து, 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மருத்துவ உதவியாளர் வாரியத்தில் பதிவு பெற்றவர் அவர்.

ஆம்புலன்ஸில் ஏறுகிற எல்லோரும் இவர்கள் அல்ல. சில மாதப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருப்பவர்களும், முதலுதவிப் படிப்பு முடித்தவர்களும் தனியார் வண்டிகளில் வேலை செய்கிறார்கள். அது தப்பில்லை. ஆனால் கல்லூரி விளம்பரத்தில் "மெடிக்" என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து பி.டி.பி.டி.என். கடனில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன் கல்லூரியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் உண்டா? முடித்தவுடன் மருத்துவ உதவியாளர் வாரியத்தில் பதிவு கிடைக்குமா? பொதுச் சேவை ஆணையமான எஸ்.பி.ஏ. இதை எந்தப் பதவிக்கு ஏற்றுக்கொள்கிறது? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன வாக்குறுதியை வைத்துக்கொண்டு வழக்கறிஞர்கள் அதிகம் செய்ய முடியாது.

அரசாங்க வேலை

அரசாங்கத்தில் இந்தப் பதவிக்கு முன்பு யூ29 என்று பெயர். 2024 டிசம்பர் 1இல் புதிய சம்பள முறை அமலுக்கு வந்த பிறகு அது யூ5. அந்தச் சீரமைப்பில் அமலாக்கப் பிரிவு ஊழியர்களுக்கு மொத்தம் 15 விழுக்காடு உயர்வு அறிவிக்கப்பட்டது. 8 விழுக்காடு 2024 டிசம்பரிலும், மீதம் 7 விழுக்காடு 2026 ஜனவரியிலும் என்று இரண்டு கட்டம். அடிப்படைச் சம்பளத்தோடு வீட்டு அலவன்ஸ், வாழ்க்கைச் செலவு அலவன்ஸ், ஆண்டுச் சம்பள உயர்வு எல்லாம் எழுதி வைக்கப்பட்ட விதிப்படி வரும். முதலாளி நல்ல மனநிலையில் இருக்கிறாரா என்று பார்த்துக் கேட்க வேண்டியதில்லை.

பதவி உயர்வுக்கும் ஏணி இருக்கிறது. பயிற்சிக் காலம் முடித்து, துறைத் தேர்வில் தேறி, வேலை நிரந்தரமாக வேண்டும். "பொஸ் பேசிக்" என்கிற சிறப்புப் படிப்பை, உதாரணத்துக்கு அவசர சிகிச்சைத் துறையில், முடிக்கலாம். எல்.என்.பி.டி. என்கிற ஆண்டு மதிப்பீட்டில் நல்ல புள்ளி வேண்டும். ஏணி நீளமானது, மெதுவானது. ஒரே படியில் பத்துப் பதினைந்து ஆண்டு நின்றவர்கள் உண்டு. ஆனாலும் ஏணி என்று ஒன்று இருக்கிறது.

ஒரு மாற்றத்தைக் கவனியுங்கள். "அரசாங்க வேலை என்றால் பென்ஷன்" என்பது நம் தாத்தா காலத்துப் பேச்சு. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாகச் சேர்பவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் கிடையாது, சேமநிதிதான். பென்ஷனை மனதில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

இனி நம்மைக் குடைகிற கேள்விக்கு வருகிறேன். "ஐயா, விண்ணப்பம் போட்டால் நம்மை எடுப்பார்களா? எடுத்தாலும் மேலே விடுவார்களா?"

இந்தக் கேள்விக்கு இரண்டு பகுதி. சட்டமும் அதை இரண்டாகத்தான் பார்க்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 153ஆவது பிரிவு, பொதுச் சேவையில் நியாயமான ஒரு பங்கு இடங்களை மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் ஒதுக்க வழி செய்கிறது. இது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது 136ஆவது பிரிவு. கூட்டரசுச் சேவையில் ஒரே தரத்தில் இருக்கும் எல்லோரும், எந்த இனத்தவராக இருந்தாலும், பாரபட்சமின்றி நடத்தப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. அது மட்டுமல்ல. 153இன் ஐந்தாவது உட்பிரிவு, இந்த ஒதுக்கீடு 136ஐப் பாதிக்காது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. அதாவது, வாசலில் ஒதுக்கீடு இருக்கலாம், ஆனால் உள்ளே நுழைந்த பிறகு இனத்தைக் காட்டி ஒருவரை நடத்துவதற்கு 153 கேடயம் ஆகாது.

ஆகவே ஏற்கனவே சேவையில் இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உங்கள் மதிப்பீட்டுப் புள்ளி, முடித்த படிப்புகள், விண்ணப்பித்த தேதி, நேர்முகத்துக்கு அழைக்கப்பட்ட கடிதம், மறுக்கப்பட்ட கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். "அவனுக்குக் கொடுத்தார்கள், எனக்குக் கொடுக்கவில்லை" என்பது மனக்குறை. "எனக்கும் அவருக்கும் ஒரே தரம், எனக்கு இரண்டு ஆண்டு மூப்பு, என் புள்ளி இது, அவர் புள்ளி இது" என்பது வழக்கு. மனக்குறையை வழக்காக மாற்றுவது காகிதம்தான்.

வெளியே இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விண்ணப்பமே போடாதவனுக்கு வேலை மறுக்கப்பட்டது என்று நான் எந்த மேடையிலும் பேச முடியாது. எஸ்.பி.ஏ.வில் இணையப் பதிவு ஓராண்டுக்குத்தான் செல்லும். காலாவதியானால் புதுப்பிக்க வேண்டும். எஸ்.பி.எம். மலாய் மொழியில் கிரெடிட் இல்லாமல் இந்தக் கதவைத் தட்டவே முடியாது. அந்தத் தாளை மட்டும் திரும்ப எழுதுங்கள். வேலை கிடைத்து சரவாக்குக்கோ கிளந்தானுக்கோ போஸ்டிங் வந்தால், "அவ்வளவு தூரம் வேண்டாம்" என்று தடுப்பது பல வீடுகளில் அம்மாக்கள்தான். தாய்மார்களே, மன்னியுங்கள். அந்த இடம் உங்கள் பிள்ளைக்காகக் காத்திருக்காது.

தனியார் மருத்துவமனையும் ஆம்புலன்ஸ் கம்பெனியும்

தனியார் பெரிய மருத்துவமனைகளில் சம்பளம் பரவாயில்லை. மருத்துவ வசதி, போனஸ் இருக்கலாம். ஏணி மட்டும் குட்டையாக இருக்கும். "சீனியர்" என்று பெயர்ப் பட்டை மாறும், சம்பளம் நூறு வெள்ளி ஏறும். அதற்கு மேல் நிர்வாகப் பதவிக்குப் போனால்தான் உயர்வு.

அதிக அடி விழுவது சின்ன ஆம்புலன்ஸ் கம்பெனிகளில்தான். என் அலுவலகத்துக்கு இது சம்பந்தமாக வருகிறவர்களில் அநேகர் அங்கிருந்துதான் வருகிறார்கள். அவர்கள் கொண்டு வருகிற சம்பளச் சீட்டுகளில் திரும்பத் திரும்ப நான் பார்க்கிற விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, அடிப்படைச் சம்பளம். 2025 பிப்ரவரி 1இலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்கும் குறைவாக வைத்திருக்கிற சின்ன முதலாளிகளுக்கும் 2025 ஆகஸ்ட் 1இலிருந்து இது கட்டாயம். 1,700 என்பது அடிப்படைச் சம்பளம். "பேசிக் 1,300, அலவன்ஸ் 400, கூட்டினால் 1,700 வருகிறதே" என்று முதலாளி சொன்னால் அது சட்ட மீறல்.

இரண்டு, ஓவர்டைம். 2023 ஜனவரி 1இலிருந்து வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது 45 ஆகக் குறைக்கப்பட்டது. ஆம்புலன்ஸ் கம்பெனியில் 12 மணி நேர ஷிப்ட், வாரம் ஆறு நாள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 72 மணி. நாளுக்கு ஒரு மணி நேர ஓய்வைக் கழித்தால் 66. இதில் 45 போக 21 மணி நேரம் ஓவர்டைம். 1,700ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 65.38 வெள்ளி. அதை எட்டால் வகுத்தால் மணிக்கு 8.17. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, 12.26. நான்கு வாரத்துக்கு 84 மணி நேரம், ஏறக்குறைய 1,030 வெள்ளி. இந்த வேலையைச் செய்து 1,700 மட்டும் வாங்குகிறவர் மாதாமாதம் ஆயிரம் வெள்ளியை முதலாளிக்குத் தானம் செய்கிறார். சாப்பிட உட்கார்ந்தாலும் அழைப்பு வந்தால் எழுந்து ஓட வேண்டும் என்றால், அந்த ஒரு மணி நேரத்தை ஓய்வு என்று கழிப்பதையே நான் எதிர்த்து வாதாடுவேன். அப்போது தொகை இன்னும் ஏறும்.

ஓய்வு நாளில் ஓவர்டைமுக்கு இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு. மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு இந்த ஓவர்டைம் விதி பொருந்தாது. நம் பிள்ளைகள் பெரும்பாலோர் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறார்கள்.

மூன்று, சேமநிதி. சம்பளம் 5,000 வெள்ளி வரை இருந்தால் முதலாளி 13 விழுக்காடு கட்ட வேண்டும், தொழிலாளி 11. ஓவர்டைம் பணத்துக்குச் சேமநிதி கிடையாது. இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு கம்பெனி 2,600 வெள்ளி அடிப்படைச் சம்பளம் தருகிறது. இன்னொன்று 1,700 அடிப்படை, 900 ஓவர்டைம் தருகிறது. இரண்டும் 2,600தானே என்று தோன்றும். முதல் கம்பெனியில் முதலாளி கட்டுகிற சேமநிதி 338 வெள்ளி, இரண்டாவதில் 221. மாதம் 117, ஆண்டுக்கு 1,404 வெள்ளி வித்தியாசம். அது மட்டுமா? உடம்பு சரியில்லாமல் படுத்தால் முதல் ஆளுக்குச் சம்பளம் குறையாது, இரண்டாவது ஆளுக்கு 900 போய்விடும். வேலை தேடும்போது "கைக்கு எவ்வளவு" என்று கேட்காதீர்கள். "பேசிக் எவ்வளவு" என்று கேளுங்கள்.

நான்கு, "ஃப்ரீலான்ஸ் மெடிக்". கால்பந்துப் போட்டி, கட்டுமான இடம், தொழிற்சாலை ஆகியவற்றுக்கு நாள் கூலிக்கு அனுப்புகிறார்கள். 12 மணி நேரத்துக்கு 120 வெள்ளி என்றால் இளைஞனுக்குப் பெரிதாகத் தெரிகிறது. குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் எட்டு மணி நேரமும் நான்கு மணி ஓவர்டைமும் போட்டாலே 114.40 வந்துவிடுகிறது. மீதி ஐந்து வெள்ளி அறுபது காசுக்காகச் சேமநிதி, சொக்சோ, மருத்துவ விடுப்பு, ஆண்டு விடுப்பு எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறான். வண்டி கவிழ்ந்து கால் முறிந்தால் யார் பார்ப்பது?

இதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. 2023இல் வேலைச் சட்டத்தில் 101சி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. எழுத்து மூலமான வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், உங்கள் வேலை முறையையும் நேரத்தையும் அவர் கட்டுப்படுத்தினால், கருவிகளை அவர் கொடுத்தால், நீங்கள் தொழிலாளி என்றே சட்டம் அனுமானிக்கும். ரோஸ்டர் அவருடையது, சீருடை அவருடையது, வண்டி அவருடையது. பிறகு எப்படி நீங்கள் சுயதொழில் செய்பவர் ஆவீர்கள்? வாட்ஸ்அப்பில் வருகிற ரோஸ்டரை அழிக்காதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி.

ஐந்து, வெட்டும் கட்டும். "வண்டியில் கீறல் விழுந்தது, 500 வெள்ளி சம்பளத்தில் பிடிக்கிறேன்" என்று சொல்ல முதலாளிக்கு உரிமை இல்லை. எதைப் பிடிக்கலாம் என்பதை வேலைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு பட்டியல் போட்டுச் சொல்கிறது. அதில் இல்லாததைத் தொழிலாளர் இலாகாவின் அனுமதியின்றிப் பிடிக்கக் கூடாது. "வேலையை விட்டால் இரண்டு ஆண்டுக்கு வேறு ஆம்புலன்ஸ் கம்பெனியில் சேரக் கூடாது" என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகிறார்கள். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவுப்படி தொழில் செய்வதைத் தடுக்கும் அப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது. பயிற்சிக்கு அனுப்பிவிட்டுப் போடுகிற "போண்ட்" வேறு விஷயம், அதைச் சும்மா தூக்கிப் போட முடியாது. ஆனால் அதிலும் முதலாளி கேட்கிற தொகை முழுவதும் தானாக அவருக்குப் போகாது. நியாயமான இழப்பீட்டுக்கு மேல் நீதிமன்றம் கொடுக்காது.

தொண்டு அமைப்புகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செம்பிறைச் சங்கம் ஆகியவற்றில் தொண்டூழியர்களும் இருக்கிறார்கள், சம்பள ஊழியர்களும் இருக்கிறார்கள். பொதுத் தற்காப்புப் படையில் தொண்டூழியருக்கு அலவன்ஸ் உண்டு. அனுபவத்துக்கும் சேவைக்கும் தாராளமாகப் போங்கள். ஆனால் அதைக் குடும்பம் நடத்துகிற சம்பளமாக நினைக்காதீர்கள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஜொகூரில் இருக்கிறவர்கள் சிங்கப்பூர் தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனிகளைப் பார்க்கிறார்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளி நம் மூன்று வெள்ளிக்கு மேல். யாருக்குத்தான் ஆசை வராது? போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துப் போங்கள்.

வேலை அனுமதியில் இருக்கிற மலேசியருக்கு அங்கே சி.பி.எஃப். கிடையாது. 25 வயதில் போய் 35 வயதில் திரும்பினால், பத்தாண்டு சேமநிதிப் புத்தகம் காலி. அதனால் அங்கே சம்பாதிக்கும்போதே இங்கே உங்கள் சேமநிதிக் கணக்கில் சொந்தமாகக் கட்டி வாருங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை கட்ட அனுமதி இருக்கிறது. மாதம் 300 கட்டினாலும் போதும்.

அங்கேயும் உரிமை உண்டு. சம்பள விவரச் சீட்டு கொடுப்பது 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம். அந்நியத் தொழிலாளர் லெவியை உங்கள் சம்பளத்தில் பிடிப்பது குற்றம். வேலை வாங்கிக் கொடுத்ததற்கு முதலாளி பணம் கேட்பதும் குற்றம். சம்பளத் தகராறு என்றால் வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும். ஊருக்குத் திரும்பி ஓராண்டு கழித்து என்னிடம் வந்தால் காலம் கடந்துவிட்டது என்றுதான் சொல்ல முடியும்.

விலைவாசி

2022இல் புள்ளிவிவரத் துறை கணக்கிட்ட வறுமைக்கோட்டு வருமானம் ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,589 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700. ஒருவர் மட்டும் சம்பாதிக்கிற குடும்பத்தில் அவர் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கினால், சட்டப்படி எல்லாம் சரியாக நடந்தும் அந்தக் குடும்பம் வறுமைக்கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். அதனால்தான் நம் பிள்ளைகள் ஷிப்ட் முடிந்து வந்து கிராப் ஓட்டுகிறார்கள், உணவு டெலிவரி போகிறார்கள். தூக்கமில்லாத ஒருவர் மறுநாள் காலை சைரன் போட்டு வண்டி ஓட்டுகிறார். பின்னால் படுத்திருப்பது உங்கள் அப்பாவாக இருக்கலாம். ஆகவே இது ஆம்புலன்ஸ்காரர்களின் சம்பளப் பிரச்சினை மட்டுமல்ல, நம் எல்லோருடைய உயிர்ப் பிரச்சினை.

சம்பளத்தை ஒப்பிடும்போது வாழ்க்கைச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் 2,400 வெள்ளி வாங்கி அறை வாடகை, டோல், பெட்ரோல், மோட்டார் தவணை கட்டி மிஞ்சுவதைவிட, தைப்பிங்கில் அப்பா அம்மா வீட்டில் இருந்துகொண்டு 2,000 வாங்கினால் கையில் அதிகம் நிற்கும். சம்பளத் தொகையைப் பார்க்காதீர்கள், மாதக் கடைசியில் மிஞ்சுகிற தொகையைப் பாருங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

1. வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு, ரோஸ்டர் மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். சம்பளச் சீட்டு கொடுப்பது முதலாளியின் கடமை, உபகாரம் அல்ல.

2. கைபேசியில் சேமநிதிக் கணக்கைத் திறந்து மாதாமாதம் பாருங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிற முதலாளிகள் உண்டு. சொக்சோவையும் இப்படியே சரிபாருங்கள்.

3. சம்பள பாக்கி, ஓவர்டைம் பாக்கி இருந்தால் தொழிலாளர் இலாகாவில் 69ஆவது பிரிவின்படி புகார் கொடுங்கள். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நானே சொல்கிறேன், எனக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

4. நியாயமில்லாமல் வேலையை விட்டு நீக்கினால் 60 நாட்களுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். 61ஆவது நாள் வந்து அழுதாலும் பலனில்லை. அரசாங்க ஊழியராக இருந்தால் இந்த வழி இல்லை. ஆனால் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று அரசியலமைப்பின் 135ஆவது பிரிவு காக்கிறது.

5. பெண் பிள்ளைகளுக்கு: பிரசவ விடுப்பு 2023இலிருந்து 98 நாள். "சின்ன கம்பெனி, எங்களால் முடியாது" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

6. சங்கம் சேருங்கள். 2024 செப்டம்பரில் அமலுக்கு வந்த தொழிற்சங்கச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வெவ்வேறு கம்பெனிகளில், வெவ்வேறு துறைகளில் இருப்பவர்களும் ஒன்றாகச் சங்கம் அமைப்பது எளிதாகிவிட்டது. ஐந்து பேர் உள்ள கம்பெனியில் தனியாக நின்று பேசினால் வேலை போகும். ஐம்பது கம்பெனிக்காரர்கள் சேர்ந்து பேசினால் முதலாளி உட்கார்ந்து கேட்பார்.

அரசாங்கத்துக்கும் நாம் கேட்க வேண்டியது இருக்கிறது. மருத்துவ உதவியாளர் பயிற்சிக்கு எத்தனை இந்தியர்கள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் தேர்வானார்கள், எத்தனை பேர் எந்தப் படிக்கு உயர்ந்தார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மறைக்க ஒன்றுமில்லை என்றால் வெளியிடுவதில் என்ன தயக்கம்? அரசாங்க மருத்துவமனைகள் தனியார் ஆம்புலன்ஸை ஒப்பந்தத்துக்கு எடுக்கும்போது, அந்தக் கம்பெனி தன் ஊழியருக்குச் சட்டப்படி ஓவர்டைமும் சேமநிதியும் கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுக்க வேண்டும். இது சலுகை கேட்பதல்ல. ஏற்கனவே இருக்கிற சட்டத்தை நடத்திக் காட்டுங்கள் என்று கேட்பது.

வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். இந்த வேலையில் இருக்கிற உங்கள் பிள்ளையிடமோ, தம்பியிடமோ, பக்கத்து வீட்டுப் பையனிடமோ போன மாதச் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். பேசிக் எவ்வளவு, எத்தனை மணி நேரம், சேமநிதி எவ்வளவு என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். கணக்கு இடித்தால் விடாதீர்கள்.